வீட்டிலேயே பிரிண்டருக்கு மை நிரப்புவதும் அடைப்பு எடுப்பதும்: கோலாலம்பூர்வாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வீடு செந்தூலில். சாயந்திரமானால் ட்யூஷன் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். பயிற்சித்தாள் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. 200, 300 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய பிரிண்டருக்குப் பிறகு மைக்கு மட்டும் கொட்டிய காசைக் கணக்குப் பார்த்தால் இன்னும் இரண்டு பிரிண்டர் வாங்கியிருக்கலாம். கடையில் கொடுத்து நிரப்பியும் பார்த்தாயிற்று. ஒரு கடையில் கார்ட்ரிட்ஜின் (மை அடைத்த சின்னப் பெட்டி) மஞ்சள் அறைக்குள் சிவப்பைக் கலந்து கொடுத்தார்கள். பாலர் பிரிவுத் தாளில் வாழைப்பழம் காரட் நிறத்தில் வந்தது. இன்னொரு கடையில் நிரப்பியது மறுநாளே வெள்ளைக் கோடு போட ஆரம்பித்தது. அதற்குப் பிறகுதான் வீட்டிலேயே செய்யப் பழகினோம். அந்தப் பாடெல்லாம் நீங்களும் பட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றை மனதில் வையுங்கள். இந்தச் சின்ன கார்ட்ரிட்ஜுக்கு அடியில்தான் அச்சடிக்கும் தலை இருக்கிறது. தலைமுடியைவிட மெல்லிய துளைகள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு குட்டி ஹீட்டர். ஹீட்டர் சூடாகி மையில் ஒரு குமிழி கிளம்ப, அந்தக் குமிழி ஒரு துளி மையை வெளியே தள்ளுகிறது. துளைக்குப் பின்னால் மை இல்லாமல் அச்சடிக்க விட்டால் ஹீட்டர் வெறுமனே சூடாகிக் கருகிவிடும். கருகின தலையை எந்த மையும் பிழைக்க வைக்காது. கீழே சொல்லும் எல்லா எச்சரிக்கைக்கும் காரணம் இதுதான்.

1. உங்கள் பிரிண்டர் இதற்கு ஏற்றதா?

கார்ட்ரிட்ஜைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். அடியில் சின்னதாக ஒரு உலோகத் தகடு, முதுகில் செம்பு நிறப் புள்ளிகள் இருந்தால் தலை அதிலேயே இருக்கிறது என்று அர்த்தம். இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான். எச்பி டெஸ்க்ஜெட் இங்க் அட்வான்டேஜ் வகையில் வரும் 678, 680, 682, கேனன் பிக்ஸ்மாவில் வரும் பிஜி-745, சிஎல்-746, பிஜி-47, சிஎல்-57 எல்லாம் இந்த ரகம்.

எப்சன் எல் வரிசை, கேனன் ஜி வரிசை, பிரதர் டி வரிசை ஆகியவை தொட்டி வைத்த பிரிண்டர்கள். அவற்றில் புட்டியைத் திறந்து ஊற்ற வேண்டியதுதான், ஊசிக்கு வேலையில்லை. லேசர் பிரிண்டரில் இருப்பது மைத்தூள். அதை வீட்டுக்குள் கொட்டிக் கிளற வேண்டாம்.

2. கணக்கு சரியாக வருகிறதா?

எச்பி 680 கறுப்பு 480 பக்கம், கலர் 150 பக்கம் வரும் என்று கம்பெனி சொல்கிறது. குறிப்பிட்ட சோதனைத் தாள்களை அடித்துப் பார்த்துப் போட்ட கணக்கு அது. படமும் தடித்த எழுத்தும் நிறைந்த பள்ளித் தாள் அதற்கெல்லாம் கட்டுப்படாது. ஒரிஜினல் ஒன்றின் விலை 40 வெள்ளியைச் சுற்றி நிற்கிறது. 100 மி.லி. மைப் புட்டி 10 முதல் 15 வெள்ளிக்குள் கிடைக்கும். ஒரு தடவைக்கு 5 மி.லி. என்றால் ஒரு புட்டி 20 தடவைக்கு வரும். ஆக, ஒரு தடவைக்கு ஒரு வெள்ளிகூட ஆகாது.

ஆனால் ஒரே கார்ட்ரிட்ஜை 20 தடவை நிரப்ப முடியாது. தலை தேய்ந்துகொண்டே வரும். ஐந்தாறு தடவை ஒழுங்காக ஓடினால் போட்ட காசுக்கு மேலேயே கிடைத்துவிட்டது.

மாதம் முந்நூறு பக்கத்துக்கு மேல் அடிக்கிறீர்களா? அப்படியானால் என் யோசனை வேறு. ஊசியும் கையுமாக உட்காராமல், 500 வெள்ளியிலிருந்து கிடைக்கும் தொட்டி பிரிண்டரை வாங்கிவிடுங்கள். வாரத்தில் நாலு தாள், பிள்ளையின் ஃபோலியோ (பள்ளிச் செயல்திட்டத் தொகுப்பு), எப்போதாவது ஒரு பாரம் (படிவம்) என்று ஓடுகிற வீட்டுக்குத்தான் இந்த வேலை கட்டுப்படியாகும்.

ஒரு வார்த்தை ரசீது பற்றி. பிரிண்டர் வாரண்டி காலத்தில் இருந்தால் ரசீதையும் வாரண்டி அட்டையையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மை நிரப்பினாலே பிரிண்டரின் வாரண்டி போய்விடும் என்று கடையில் பயமுறுத்துவார்கள். பொதுவாக, நிரப்பிய மையால் வந்த பழுதுக்குத்தான் கம்பெனி பொறுப்பேற்காது. ஸ்கேனர் கெட்டால் அதற்கும் மைக்கும் சம்பந்தமில்லை. நிரப்பிய கார்ட்ரிட்ஜுக்கு மட்டும் வாரண்டி இல்லை என்று முடிவு கட்டிக்கொள்ளுங்கள்.

3. வாங்க வேண்டியவை

மை, நிறத்துக்கு ஒரு சிரிஞ்சு, மழுங்கிய முனையுள்ள ஊசி, ரப்பர் கையுறை, டிஷ்யூ ரோல், பல்குச்சி, பஞ்சுக்குச்சி, செலோடேப், டிஸ்டில்ட் வாட்டர். வீட்டில் ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள், தேவைப்படும்.

மையும் ஊசியும் ஒன்றாக வரும் செட் ஷாப்பி, லசாடாவில் கிடைக்கிறது. கையில் எடுத்துப் பார்த்து வாங்க வேண்டுமென்றால் புக்கிட் பிந்தாங்கில் லோ யாட் பிளாசாவுக்குப் போங்கள். சிரிஞ்சு மட்டும் போதுமென்றால் பக்கத்துப் பார்மசியிலேயே இருக்கும்.

மை வாங்கும்போதுதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கறுப்பில் இரண்டு வகை உண்டு. பிக்மென்ட் என்பது நுண்ணிய பொடி மிதக்கும் மை. காகிதத்தின் மேல் படிந்து கறுகறுவென்று நிற்கும், காய்ந்த பிறகு ஈரம் பட்டாலும் அவ்வளவாகக் கலையாது. டை என்பது நீரில் கரைந்த சாயம், தண்ணீர் பட்டால் ஓடிவிடும். எச்பி 680 கறுப்பும் கேனனின் பிஜி வகைக் கறுப்பும் பிக்மென்ட். அவற்றின் கலர் கார்ட்ரிட்ஜ்கள் டை. பிக்மென்ட் இருந்த அறையில் டை கறுப்பை ஊற்றினால் எழுத்து சாம்பல் பூத்து ஓரம் கசியும். சில நேரம் இரண்டும் சேர்ந்து திரிந்து துளையையே அடைத்துவிடும்.

செட்டில் வரும் மலிவுக் கறுப்பு பெரும்பாலும் டைதான். புட்டியில் எழுதியிருக்காவிட்டால் வாய்விட்டுக் கேளுங்கள்.

"தவுக்கே, டக்வாட் ஹீத்தாம் பிக்மென் அடா?" (முதலாளி, பிக்மென்ட் கறுப்பு மை இருக்கிறதா?)

"அடா, அண்ணே. எச்பியா, கேனனா?"

இப்படித் திருப்பிக் கேட்கிற கடைக்காரரை நம்பலாம். "எல்லாம் சாமா லா" (எல்லாம் ஒன்றுதான்) என்று சொல்லிப் புட்டியை நீட்டுகிறவரிடம் வாங்காதீர்கள். எப்சன் தொட்டிக்கு வாங்கிய மை மிச்சம் இருக்கிறதே என்று இதில் ஊற்றவும் வேண்டாம். எப்சன் தலையில் ஹீட்டர் கிடையாது, மின்சாரத்தில் அசையும் தகடுதான் மையைத் தள்ளுகிறது. அதற்காகக் கலந்த மை சூட்டில் குமிழி விடுவதற்குத் தயாரித்தது இல்லை.

வாடகை ஒப்பந்தம், கடிதம், பாரம் போன்று நாள்பட வைக்க வேண்டிய தாள் அடிக்கிறவர்கள் பிக்மென்ட்டுக்கு ஐந்து வெள்ளி கூடக் கொடுக்கலாம், தப்பில்லை.

தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய ஃபிளாட்டில் குழாயைத் திறந்தவுடன் சில நாள் துரு கலந்து வரும். அதை நுண்துளைக்குள் விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பார்மசியில் டிஸ்டில்ட் வாட்டர் கிடைக்கும். பெட்ரோல் நிலையத்தில் கார் பேட்டரிக்கு விற்கும் ஆயர் பத்தேரியும் போதும். ஆனால் லேபலைப் படித்து, அது சுத்திகரித்த தண்ணீர்தான், ஆசிட் இல்லை என்று உறுதி செய்த பிறகே காசு கொடுங்கள்.

4. எப்போது நிரப்புவது

எழுத்து வெளுக்கும் வரை காத்திருந்தால் பிந்திவிட்டது. முதலில் சொன்ன ஹீட்டர் ஞாபகம் இருக்கட்டும். அதற்காகத் திரையில் "மை குறைவு" என்று வந்த உடனே ஓடவும் வேண்டாம். பிரிண்டர் மையை அளந்து பார்ப்பதில்லை, எத்தனை துளி அடித்தோம் என்று எண்ணி உத்தேசமாகச் சொல்கிறது. ஒரு தடவை நிரப்பிய பிறகு அந்தக் கணக்கும் கிடையாது.

இங்கேதான் தராசு உதவும். புதுக் கார்ட்ரிட்ஜை வாங்கி, நாடாவை உரித்தவுடன் எடை போடுங்கள். அந்த எண்ணை மார்க்கரால் அதன் மேலேயே எழுதிவிடுங்கள். ஒரு மி.லி. மை ஏறக்குறைய ஒரு கிராம். கறுப்பு நாலு கிராம் இறங்கியதும் நிரப்ப வேண்டும். கலரில் மூன்று நிறம் மூன்று வேகத்தில் தீரும் என்பதால் எடை மட்டும் போதாது. வானம், கடல், இலை என்று படம் அடித்துத் தள்ளுகிற வீட்டில் நீலமும் மஞ்சளும் முதலில் போகும். அடித்த படத்தில் ஏதாவது ஒரு நிறம் சோர்ந்து தெரிந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள்.

நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கை பழகாதவருக்கு ஒரு கார்ட்ரிட்ஜுக்கு அரை மணி நேரம் ஆகும். நிரப்பிய பிறகு குறைந்தது ஒரு மணி நேரம், முடிந்தால் ஒரு ராத்திரி சும்மா இருக்க விட வேண்டும். நாளைக்குக் காலையில் ஃபோலியோ ஒப்படைக்க வேண்டும் என்று பிள்ளை ராத்திரி பத்து மணிக்கு வந்து நின்றால் ஊசியைத் தொடாதீர்கள். போட்டோஸ்டாட் கடையில் அடித்துக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை சாவகாசமாக உட்காருங்கள்.

5. லேபலை உரித்து நிறம் பாருங்கள்

மேசையில் பழைய செய்தித்தாளை நாலைந்து அடுக்காக விரியுங்கள். கையுறை போடுங்கள். இந்த மை பட்டால் விரலில் இரண்டு நாள் இருக்கும், வெள்ளைச் சட்டையில் ஆயுசுக்கும் இருக்கும். கைக்குழந்தை, பூனை இருக்கிற வீட்டில் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

கார்ட்ரிட்ஜின் மேல்பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபலை மெதுவாக உரியுங்கள். லேபலுக்கு அடியில் துளைகள் தெரியும். சில மாடலில் துளை அதிகம் இருக்கும். காற்று போவதற்கான நெளிநெளியான பள்ளங்களும் இருக்கும். துளை ஊசி நுழைய முடியாத அளவு சின்னதாக இருந்தால் ஊசி முனையையே வைத்துச் சுழற்றி அகலமாக்கலாம்.

கலரில் எந்தத் துளை எந்த நிறம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். செட்டில் வரும் வரைபடத்தையோ வீடியோவையோ கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். ஒவ்வொரு துளையிலும் புதிய பல்குச்சி ஒன்றை விட்டு, உள்ளே இருக்கும் பஞ்சைத் தொட்டு எடுத்து டிஷ்யூவில் தேயுங்கள். சியான் நீலம், மெஜந்தா என்கிற ரோஸ் கலந்த சிவப்பு, மஞ்சள் என்று மூன்றில் ஒன்று தெரியும். மஞ்சளில் கொஞ்சம் ஏமாற இடமுண்டு. பக்கத்து அறையின் நீலம் லேசாகக் கசிந்து பச்சையாகத் தெரியலாம். அப்போது வேறொரு குச்சியை இன்னும் ஆழமாக விட்டுப் பாருங்கள். தெரிந்ததும் துளைக்குப் பக்கத்தில் மார்க்கரால் நீ, சி, ம என்று எழுதிவிட்டால் அடுத்த தடவைக்குக் குச்சி தேவையில்லை.

6. நிரப்புதல்

கார்ட்ரிட்ஜின் அடித் தகடு நேராக மேசையில் படக் கூடாது. மடித்த டிஷ்யூ மேல் நிமிர்த்தி வையுங்கள்.

சிரிஞ்சில் கறுப்புக்கு 5 மி.லி., கலருக்கு அறைக்கு 2 மி.லி. எடுங்கள். ஊசியை மேலே பிடித்து, தட்டி, காற்றை வெளியேற்றுங்கள். நர்ஸ் செய்வாரே, அதே மாதிரி.

உள்ளே இருப்பது வெறும் பெட்டி இல்லை, பஞ்சு. ஊசியைப் பஞ்சுக்குள் பாதிக்கு மேல் இறக்குங்கள், ஆனால் அடியைத் தொடுமளவு குத்த வேண்டாம். அடியில் மெல்லிய வடிகட்டி வலை இருக்கிறது, அது கிழிந்தால் போச்சு. இறக்கிய பிறகு பிஸ்டனை அழுத்துவது தெரியாத அளவுக்கு மெதுவாக அழுத்துங்கள். ஒரு மி.லி.க்கு அரை நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டுத் தள்ளினால் மை பஞ்சில் பரவாமல், நடுவில் காற்றுக் குமிழியைச் சிறைப்பிடித்துவிடும். பிறகு கார்ட்ரிட்ஜ் நிறைய மை இருந்தும் பத்துப் பக்கத்தில் அச்சு நின்றுவிடும். கடையில் நிரப்பியது சீக்கிரம் கோடு போடுவதற்குப் பெரும்பாலும் இந்த அவசரம்தான் காரணம்.

அழுத்தும்போது கண்ணை ஊசி நுழைந்த துளை மேலேயே வையுங்கள். ஊசியைச் சுற்றி மை பளபளவென்று ஒரு வளையமாக மேலே எழும்பும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். சிரிஞ்சில் இன்னும் ஒரு மி.லி. மிச்சம் இருந்தால் இருக்கட்டும், புட்டிக்குப் போகட்டும். பிறகு பிஸ்டனை மேல் நோக்கி இழுத்து அரை மி.லி. போல் திரும்ப உறிஞ்சிவிடுங்கள். பஞ்சு வழிய வழிய நிறைந்திருந்தால் பிடித்துவைக்க முடியாமல் மை அடியில் சொட்டிக்கொண்டே இருக்கும், பக்கத்து அறைக்கும் பாயும். முக்கால் வயிறுதான் அதற்கு நல்லது.

ஒரு நிறம் முடிந்து அடுத்த நிறத்துக்குப் போகும்போது சிரிஞ்சும் மாற வேண்டும், ஊசியும் மாற வேண்டும். கழுவிவிட்டு அதையே போடலாம் என்று தோன்றும். வேண்டாம். ஊசிக்குள் ஒட்டிய இரண்டு துளி சிவப்பு மஞ்சளைக் கெடுக்கப் போதும்.

7. ஒற்றுதல், ஓய்வு

டிஷ்யூவை நாலாக மடித்து, டிஸ்டில்ட் வாட்டரில் லேசாக நனைத்து, கார்ட்ரிட்ஜின் அடித் தகட்டை அதன் மேல் வைத்து இரண்டு விநாடி அழுத்தி எடுங்கள். தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். கறுப்பு என்றால் கெட்டியான ஒரே பட்டை விழும். கலர் என்றால் மூன்று பட்டை தனித்தனியாக, ஒவ்வொன்றும் சுத்தமான நிறத்தில் விழ வேண்டும். ஒரு பட்டை அரைகுறையாக விழுந்தாலோ, சேறு மாதிரிக் கலங்கலாக இருந்தாலோ, இடத்தை மாற்றி மாற்றி ஒற்றுங்கள். நாலைந்து ஒற்றலில் தெளிந்துவிடும்.

முதுகில் இருக்கும் செம்புப் புள்ளிகளில் மை பட்டிருந்தால் பஞ்சுக்குச்சியை நனைத்துத் துடைத்து, முழுதாகக் காய விடுங்கள். ஈரத்தோடு மாட்டினால் மின்சாரம் தாறுமாறாகப் பாய்ந்து தலை போய்விடலாம்.

மேல் துளைகளை லேபல் இருந்தால் லேபலால், இல்லையென்றால் செலோடேப்பால் மூடுங்கள். ஆனால் காற்றுப் புகாமல் இறுக்கி அடைக்க வேண்டாம். உள்ளே மை குறையக் குறைய காற்று போக வேண்டும். டேப்பின் ஒரு ஓரத்தை விட்டு ஒட்டினாலே போதும்.

8. மாட்டியதும் பிரிண்டர் முரண்டு பிடித்தால்

எச்பி, "பயன்படுத்திய அல்லது போலியான கார்ட்ரிட்ஜ்" என்ற மாதிரி ஒரு செய்தி காட்டும். ஓகே அழுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். மை அளவு காலி என்றே காட்டும், அதையும் கண்டுகொள்ள வேண்டாம். எச்பி மென்பொருளில் கார்ட்ரிட்ஜ் புரொடெக்ஷன் என்று ஒரு வசதி உண்டு. அது இயங்கிக்கொண்டிருந்தால் உங்கள் கார்ட்ரிட்ஜ் அந்த ஒரு பிரிண்டருக்கே கட்டுப்பட்டுவிடும், தம்பி வீட்டு பிரிண்டரில் போட்டால் வேலை செய்யாது. புதுக் கார்ட்ரிட்ஜ் மாட்டுவதற்கு முன்பே அதை அணைத்து வையுங்கள். ஒருதடவை கட்டுப்பட்டதைப் பிறகு விடுவிக்க முடியாது.

கேனனில் ஈ13 அல்லது ஈ16 என்று வரும். திரை இல்லாத மாடலில் ஆரஞ்சு விளக்கு 13 அல்லது 16 முறை கண் சிமிட்டும். பயப்பட ஒன்றுமில்லை. ஸ்டாப் பொத்தானைக் குறைந்தது ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் மை கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அச்சடிக்கும். அதற்கப்புறம் கேனன் உங்களை எச்சரிக்காது என்பதால் தராசே துணை.

இன்னொரு விவரம் பலருக்குத் தெரிவதில்லை. எச்பியின் இந்த இரட்டைக் கார்ட்ரிட்ஜ் பிரிண்டர்களில் ஒன்று தீர்ந்துவிட்டால் அதைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் வைத்தே அடிக்கலாம். கேனனில் இரண்டும் மாட்டியிருந்தாக வேண்டும்.

9. அடைப்பு எடுத்தல்

கோடு விழுகிறதா, எழுத்து பாதி காணாமல் போகிறதா? முதலில் பிரிண்டர் மெனுவில் இருக்கும் கிளீனிங்கை ஒரு தடவை ஓட்டி, சோதனைத் தாள் அடியுங்கள். சரியாகாவிட்டால் இன்னொரு தடவை. அதோடு நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு கிளீனிங்கும் மையை உறிஞ்சி உள்ளே கொட்டுகிறது. பத்துத் தடவை அழுத்தினால் நிரப்பிய மையில் பாதி அதிலேயே போய்விடும்.

அடுத்தது வெந்நீர்க் குளியல். டிஸ்டில்ட் வாட்டரை விரல் தாங்கும் சூட்டுக்குக் காய்ச்சுங்கள்; கொதிக்கிற தண்ணீர் தகட்டை ஒட்டியிருக்கும் பசையை இளக்கிவிடும். தட்டையான கிண்ணத்தின் அடியில் டிஷ்யூவை மடித்துப் போட்டு, அது மூழ்கி மேலே இரண்டு மூன்று மில்லிமீட்டர் நிற்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். தகடு தண்ணீரில், முதுகின் செம்பு தண்ணீருக்கு மேலே இருக்கும்படி கார்ட்ரிட்ஜை நிற்க வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் மை புகை மாதிரி தண்ணீரில் இறங்குவதைப் பார்க்கலாம். கலரில் மூன்று புகையும் இறங்குகிறதா என்று பாருங்கள்; எது இறங்கவில்லையோ அதுதான் அடைத்திருக்கிறது. ஐந்து நிமிடத்தில் எடுத்து ஒற்றுங்கள். பட்டை முழுதாக விழவில்லையென்றால் தண்ணீரை மாற்றி மறுபடியும். மாதக்கணக்கில் மூலையில் கிடந்த கார்ட்ரிட்ஜ் என்றால் நனைந்த டிஷ்யூ மேல் ஒரு ராத்திரி நிறுத்தி, மேலே ஒரு டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் தகட்டின் மேல் மாட்டிச் சிரிஞ்சால் கீழிருந்து உறிஞ்சும் கிளிப் ஒன்று இணையக் கடைகளில் விற்கிறது. சிக்கிய காற்றுக்கும் அது நல்ல மருந்து. மெதுவாக இழுத்து, மை வந்தவுடன் நிறுத்துங்கள். மேலிருந்து காற்றை அடித்துத் தள்ளும் வித்தையைச் சில வீடியோவில் காட்டுகிறார்கள். கலர் கார்ட்ரிட்ஜில் அதைச் செய்தால் மூன்று நிறமும் ஒன்றோடொன்று கலந்துதான் வெளியே வரும்.

தகட்டை ஊசியால் குத்துவது, பல் விளக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பது, குளோரொக்ஸ் மாதிரியான வெளுப்பான் ஊற்றுவது, இவை மூன்றும் கூடவே கூடாது. பார்மசியில் கிடைக்கும் ஐசோபுரொப்பில் ஆல்கஹாலைச் செம்புப் புள்ளிகளைத் துடைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிரிண்டர் "கார்ட்ரிட்ஜ் தெரியவில்லை" என்று சொன்னால் பாதிக்கு மேல் அந்தப் புள்ளிகளில் படிந்த அழுக்குதான். கார்ட்ரிட்ஜ் உட்காரும் இடத்தில் பிரிண்டருக்குள்ளும் அதேமாதிரி ஊசிப் புள்ளிகள் உண்டு. பிளக்கைக் கழற்றிவிட்டு அவற்றையும் துடையுங்கள்.

10. மறுபடி அடைக்காமல் இருக்க

நம் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. மின் கட்டணம் மிச்சம் என்று சுவர் சுவிட்சைத் தட்டி அணைத்துவிடுவோம். பிரிண்டரில் அதைச் செய்யாதீர்கள். அதன் சொந்தப் பொத்தானை அழுத்தி அணைத்தால்தான் தலை தன் மூலைக்குப் போய் ரப்பர் மூடிமேல் உட்காரும். வழியில் நின்றுபோன தலை திறந்தபடி கிடந்து காயும். விளக்கு முழுதாக அணைந்த பிறகு சுவர் சுவிட்சைத் தாராளமாக அணைக்கலாம்.

ஏர்கான் ஓடுகிற அறையில் மை சீக்கிரம் காயும், பிரிண்டரைக் கூடத்தில் வையுங்கள். காகிதத்துக்கு இதே ஊர் ஈரம் எதிரி. பிரித்த ரீம் நமத்துப்போய்த் தாள் சிக்கும், ஆகவே அதை ஜிப் பையில் போட்டு வையுங்கள். வாரம் ஒரு தடவை எல்லா நிறமும் வரும்படி ஒரு சின்னப் படம் அடியுங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போய் இரண்டு வாரம் தங்குவதாக இருந்தால் கிளம்புகிற அன்று ஒன்று, வந்த அன்று ஒன்று.

11. எப்போது கைவிடுவது

வெந்நீரில் மூன்று நிறமும் அழகாக இறங்குகின்றன, டிஷ்யூவில் பட்டையும் முழுதாக விழுகிறது, ஆனால் சோதனைத் தாளில் அதே இடத்தில் அதே வெள்ளைக் கோடு என்றால் அது அடைப்பு இல்லை. அந்த வரிசை ஹீட்டர் கருகிவிட்டது. மேற்கொண்டு மையைச் செலவழிக்காமல் புது ஒரிஜினல் வாங்குங்கள். வாங்கி வந்ததும் எடை போட்டு எழுத மறக்காதீர்கள்.

பழையதைக் குப்பையில் எறியாதீர்கள். மை நிரப்பும் கடைகள் சிலவற்றில் காலி கார்ட்ரிட்ஜை இரண்டு மூன்று வெள்ளி கொடுத்து எடுத்துக்கொள்கிறார்கள். கருகியதை எடுக்க மாட்டார்கள். அதை ஈ-வேஸ்ட் சேகரிக்கும் பெட்டியில் போடுங்கள். மிச்சமுள்ள மைப் புட்டியை மூடியை இறுக்கி, நிமிர்த்தி, வெயில் படாத அலமாரியில் வைத்து, திறந்த தேதியை அதன் மேல் எழுதி வையுங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆன புட்டியை எடுக்கும்போது ஆட்டிவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். அடியில் கட்டி தட்டியிருந்தால் அதைச் சிரிஞ்சில் ஏற்றவே வேண்டாம்.